முதல் தோல்வார் மலிவாய் இருக்கட்டும்

பிரெஞ்சுக்காரர் மடக்குச் சவரக்கத்திக்கு 'கூப்-ஷூ' எண்டொரு பட்டப்பேர் வைச்சிருக்கினம். நேரடியாத் தமிழிலை சொன்னால் கோவா வெட்டி. நாளுக்குப் பத்து மணித்தியாலம் குசினிக்கை நிண்டு உண்மையாவே கோவா வெட்டுற ஒருத்தன், வீட்டை வந்து இன்னொரு கோவா வெட்டியைக் கையிலை எடுக்கிறது பகிடிதான். (எங்கடை குசினியிலை இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.) ஆனால் இண்டைக்கு நான் எழுத வந்தது கத்தியைப் பற்றி இல்லை. அதைத் தீட்டுற தோல்வாரைப் பற்றி. இங்கிலிசிலை ஸ்ரொப் எண்டு சொல்லுறது.

2020 பங்குனியிலை பிரான்சிலை ரெஸ்ரோறண்டுகள் எல்லாத்தையும் ஒரே இரவிலை பூட்டினாங்கள். கோடையிலை திறந்து, ஐப்பசி முடிவிலை திரும்பப் பூட்டி, 2021 வைகாசியிலைதான் வாசல் மேசைகளையாவது போட விட்டவங்கள். குசினிக்காரனுக்கு வாழ்க்கையிலை அவ்வளவு நேரம் முன்னமும் கிடைச்சதில்லை, இனியும் கிடைக்காது. எனக்குத் தெரிஞ்ச நாலைஞ்சு பேர் அந்த நேரத்திலைதான் கத்திச் சவரத்துக்கு மாறினவை. நானும் அதிலை ஒராள். அதுக்குப் பிறகு இண்டைவரைக்கும் புதுசாத் தொடங்கிற பெடியள் என்னட்டைக் கேக்கிறது ஒரே கேள்விதான்: அண்ணை, முதல்லை எந்த வாரை வாங்கிறது? கத்தி எண்டால் பாத்து ஓரளவு விளங்கும். வார் எண்டால் ஒரு துண்டுத் தோல்தானே. அது 20 யூரோவுக்கும் கிடக்கு, 200 யூரோவுக்கும் கிடக்கு. பெடியள் குழம்பிறதிலை பிழை இல்லை.

என்ரை பதில் எப்பவும் ஒண்டுதான். முதல் வார் மலிவாய் இருக்கட்டும். 30 யூரோ காணும். 40 ஐத் தாண்டினால் நான் சண்டைக்கு வருவன்.

ஏன் எண்டதுக்கு முதல், உந்தத் தோல் என்ன செய்யுது எண்டு பாப்பம். தோலிலை தேய்ச்சாக் கத்தி கூராகும் எண்டு கனபேர் நினைக்கினம். கூராக்கிறது கல்லு. தோல் செய்யிறது வேறை வேலை. சவரக்கத்தியின்ரை கூர் நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசு. ஒருக்கா முகத்தை வழிச்ச உடனை அது அங்கை இஞ்சை எண்டு வளைஞ்சு போகும், ஈரமும் அழுக்கும் பிடிக்கும். தோல் அதை நிமித்தித் துடைச்சு விடுது. குசினி ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்திறது சுகம். நாங்கள் பாவிக்கிற 'ஃபுசி' எண்ட இரும்புக்கோல் செய்யிறதும் உதைத்தான். கல்லிலை எப்பவாவது ஒருநாள் தீட்டுவம், ஃபுசியிலை நாளுக்குப் பத்துத்தரம் இழுப்பம். (அதுக்காகச் சவரக்கத்தியைக் கொண்டுபோய் ஃபுசியிலை இழுத்துப் போடாதேங்கோ. அண்டையோடை கத்தி சரி.)

யாழ்ப்பாணக் கம்பசிலை இரண்டு வருசம் பௌதிகம் படிச்சு, 2006 ஆவணியிலை ஏ-9 பூட்டினதோடை அதையும் விட்டுப்போட்டு வந்தவன் நான். படிச்சதிலை மிச்சமா நிண்டது கோணமும் விசையும்தான். சமையல் கத்தியிலை இரண்டு பக்கச் சரிவையும் சேர்த்துப் பாத்தால் 30, 40 பாகை வரும். சவரக்கத்தியிலை 16, 17 பாகைதான். அந்தக் கோணத்தைக் கையாலை பிடிக்கத் தேவையில்லை. கத்தியின்ரை தடிச்ச முதுகும் கூரும் இரண்டும் ஒண்டாத் தோலிலை படுத்தாச் சரி, கோணம் தானா வரும். முதுகு அவ்வளவு தடிப்பா இருக்கிறதுக்குக் காரணமே அதுதான். சரியாக் கெட்டித்தனமான சாமான்.

2020 ஆவணியிலை எம்.ஐ.ரி. ஆக்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையிலை ஒரு ஆய்வு வெளியிட்டவை. தாடிமயிர் உருக்கை விட 50 மடங்கு மென்மையாம், இருந்தும் அது பிளேட்டின்ரை கூரைச் சின்னச் சின்னச் சில்லாய் உடைக்குதாம். கூர் நிமிர்ந்து நேரா நிக்காமல் சரிஞ்சு மயிரிலை முட்டினால் உடைவு கூட. அவை பாத்தது எறியிற பிளேட்டை. எண்டாலும் பழைய நாவிதர் சவரத்துக்கு முன்னம் ஒவ்வொரு தரமும் வாரிலை ஏன் இழுத்தவை எண்டது எனக்கு அதை வாசிச்சாப் பிறகுதான் வடிவா விளங்கினது. உடைஞ்ச சில்லை வார் ஒட்டாது. அதுக்குக் கல்லுத்தான். உடையிற நாளைத் தள்ளிப்போடத்தான் வார்.

இப்ப விலைக்கு வாறன். தோலிலை கத்தியை இழுக்கேக்கை முதுகு முன்னாலை போகவேணும், கூர் பின்னாலை வரவேணும். முனைக்குப் போனதும் கத்தியை முதுகிலை உருட்டித் திருப்பி, திரும்ப முதுகு முன்னாலை. எழுதேக்கை ஒரு வசனம். கைக்கு அது பழக மாசக்கணக்குச் செல்லும். புதுசாப் பழகிறவன் எல்லாரும் எங்கை பிடிபடுறான் எண்டால் திருப்புற இடத்திலைதான். முதுகிலை உருட்டாமல் கூரிலை உருட்டுவான், இல்லாட்டி திருப்ப முதலே இழுக்கத் தொடங்குவான். சவரக்கத்திக்குத் தோல் எண்டால் வெண்ணெய் மாதிரி. பிறை வடிவிலை ஒரு வெட்டு விழும். அந்த வெட்டிலை கத்தி அடுத்தமுறை தட்டுப்பட்டால் கூரும் போச்சு. இது கைப்பழக்கம். வீடியோ பாத்து வராது. அதாலை முதல் வார் வெட்டுப்படும் எண்டு வைச்சுக்கொண்டே வாங்கவேணும்.

என்னோடை முந்தி ஒரே அறையிலை இருந்த பெடியன் ஒருத்தன், ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவுற வேலை. ஒரு கடையிலை போய்ப் புதுசாத் தொடங்கப்போறன் எண்டு சொல்லியிருக்கிறான். கடைக்காரன் ஆளை ஏற இறங்கப் பாத்துப்போட்டு, நல்லதை வாங்கினால் வாழ்நாளுக்கும் ஒண்டு காணும் எண்டு சொல்லி 140 யூரோவுக்குக் குதிரைத்தோல் வார் ஒண்டைக் கட்டிக் குடுத்திட்டான். இரண்டு நாள் வேலைக் காசு. மூண்டாம் நாள் காலமை நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறன், 'சடக்' எண்டொரு சத்தம். பிறகு கனநேரம் ஒரு சத்தமும் இல்லை. கையிலை வெட்டிப்போட்டானாக்கும் எண்டு ஓடிப்போனால் கை சுகமாத்தான் இருக்கு. வார் நடுவிலை இரண்டு அங்குலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு கிடக்கு. கையை வெட்டியிருந்தால் கூட அவன் அப்பிடி முழிச்சிருக்கமாட்டான். வாழ்நாளுக்கும் ஒண்டு எண்டு சொன்ன கடைக்காரனுக்கு, புதுசாப் பழகிற ஒருத்தன் அதை வெட்டுவான் எண்டு தெரியாமல் இருக்குமே? தெரியும். தெரிஞ்சுதான் விக்கிறான். அதுதான் எனக்குக் கோபம்.

சரி, எந்தத் தோல். மாட்டுத்தோல். வேறை கேள்வி வேண்டாம். கோர்டோவன் எண்டு சொல்லுறது குதிரையின்ரை பிட்டப்பக்கத்து உட்படைத் தோல், பதனிடவே ஆறு மாசம் வரை எடுக்கும், கண்ணாடி மாதிரி இருக்கும், கத்தி அதிலை வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல் பழகின கைக்கு நல்லது. பழகாத கைக்கு என்ன நடக்குதெண்டே தெரியாது. மாட்டுத்தோலிலை ஒரு மெல்லிய இழுவை இருக்கும், கத்தி தோலைப் பிடிக்கிறதும் விடுகிறதும் விரலுக்குத் தெரியும். கத்தியைச் சரிச்சுப் பிடிச்சால் சத்தமே மாறும். பழகிறவனுக்கு அந்தச் சத்தம்தான் வாத்தியார். 'ரஷ்யன்' எண்டு பேர் போட்டுக் கோடு கோடா அச்சுக் குத்தின தோலும் விக்கினம். பழைய காலத்து உண்மையான ரஷ்யத் தோல் பேர்ச் மரத்து எண்ணெய் போட்டுப் பதனிட்டது. இப்ப அந்தப் பேரிலை வாற எல்லாத்துக்கும் அந்த எண்ணெய் இருக்குமெண்டு நம்பிக் காசு குடுக்காதேங்கோ.

மலிவு எண்டால் குப்பையை வாங்கச் சொல்லேல்லை. எட்டு யூரோவுக்கு வாற சில வார்களைத் தொட்டுப் பாத்திருக்கிறன். தோலைப் பிளந்து எடுத்த அடிப்பகுதி, மேலை பிளாஸ்ரிக் மாதிரி ஒரு பூச்சு. மடிச்சால் பூச்சு வெடிக்கும். அது செருப்புக்கும் உதவாது. வாங்க முதல் வாரைக் கண்ணுக்கு நேரா நீட்டிப் பிடிச்சு வெளிச்சத்திலை பாருங்கோ: நடுவிலை குழிஞ்சு ஓரம் மேலை வளைஞ்சிருந்தால் வேண்டாம். தையலும் ஆணியும் கத்தி போற பாதையிலை இருக்கக்கூடாது. மூண்டு மில்லிமீற்றர் தடிப்பு, 40 சென்ரிமீற்றர் இழுக்கக்கூடிய நீளம். இது காணும்.

அகலத்திலைதான் கொஞ்சம் யோசிக்கவேணும். கத்தியின்ரை கூர் ஏழு, ஏழரைச் சென்ரிமீற்றர் நீளம் வரும். ஏழரை அகல வார் எண்டால் கத்தி முழுக்க ஒரே இழுவையிலை படும், நேரா மேலை போய்க் கீழை வந்தால் சரி. ஐஞ்சு சென்ரிமீற்றர் எண்டால் கத்தியைப் பக்கவாட்டாவும் நகர்த்தி, பெருக்கல் அடையாளம் மாதிரி இழுக்கவேணும். கனபேர் அகலமானதுதான் சுகம் எண்டுவினம். நான் ஆறரை எண்டு சொல்லுவன். விலையும் குறைவு, பக்கவாட்டு இழுவையும் கையிலை வந்திடும். அது வராட்டி, கூர் கொஞ்சம் வளைஞ்ச பழைய கத்தி ஒண்டு கிடைக்கேக்கை அதின்ரை நுனியும் அடியும் தோலிலை படாமலே போகும்.

பலகையிலை ஒட்டின வாரும் இருக்கு. மேசையிலை வைச்சு இழுக்கலாம், தொய்யாது. தொங்கவிடுற வாரைத் தொய்ய விட்டால் கூர் வட்டமா மழுங்கும், விறைப்பாப் பிடிக்கவேணும். அதாலை பழகிறவனுக்குப் பலகைதான் நல்லதெண்டு சிலர் சொல்லுவினம், அதிலை நியாயமும் இருக்கு. ஆனால் பலகை வார் அநேகமாக் கட்டை, இருபது இருபத்தைஞ்சு சென்ரிமீற்றரிலை திருப்ப வேண்டி வரும். திருப்புறதிலைதானே வெட்டுப்படுறது. அதோடை எங்கடை ஆக்கள் இருக்கிற அறையளிலை மேசை எண்டது சோறு சாப்பிட, கணினி வைக்க, பிள்ளை படிக்க எண்டு எல்லாத்துக்கும் ஒண்டு. கதவுக் கைபிடியிலை ஒரு கொளுக்கி போட இடம் எல்லா வீட்டிலையும் இருக்கு. குளிக்கிற அறைக்கை மட்டும் தொங்கவிடாதேங்கோ, நீராவி தோலுக்கு எதிரி. கதவை ஆராவது திறக்காத நேரமாப் பாத்து இழுங்கோ. ஐஞ்சு பேர் இருக்கிற வீட்டிலை இதுவும் ஒரு கலை.

தோலுக்குப் பின்னாலை துணி ஒண்டு சேர்ந்திருந்தால் நல்லது. லினன் அல்லது தடிச்ச பருத்தி. முதல் துணியிலை இருபது தரம், பிறகு தோலிலை நாப்பது ஐம்பது தரம், போய் வந்தால் ஒண்டு. துணி இல்லாட்டிப் பழைய ஜீன்ஸ் துண்டு காணும். பேப்பரும் செய்யும்: அச்சுப் பேப்பரை நாலா மடிச்சுத் தட்டையான பலகையிலை வைச்சு இழுத்துப் பாருங்கோ, ஆச்சரியப்படுவியள்.

பச்சைப் பசை, சிவப்புப் பசை எண்டு வாரோடை சேர்த்துத் தள்ளப் பாப்பினம். பச்சை எண்டது அநேகமாக் குறோமியம் ஒக்சைட்டு, அரை மைக்ரோன் அளவு துகள். அது இரும்பைத் தேய்க்கும், அதாவது கல்லின்ரை குடும்பம். நாளாந்தம் இழுக்கிற தோலிலை அதைப் பூசினால் திரும்ப எடுக்கேலாது. உதே காரணத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையளிலை கிடைக்கிற வார்களையும் நான் முதல் வாராச் சொல்லுறதில்லை. கத்தி எண்டால் அங்கை வாங்கலாம், தியேர் நகரத்து நல்ல கத்தியள் பத்து யூரோவுக்குக் கூடக் கிடைக்கும், கல்லு பிடிக்கத் தெரிஞ்ச ஒராளிட்டைக் குடுத்தால் சரி. வாரிலை முந்தின ஆள் என்னத்தைப் பூசினதெண்டு ஆருக்குத் தெரியும்?

இவ்வளவும் ஒரு காலத்திலை வீட்டிலை தகப்பன் மகனுக்குச் சொல்லிக்குடுத்த விசயம், ஐரோப்பாவிலை. 1769 இலையே பெரே எண்ட பாரிஸ் கத்தி செய்யிற ஆள் ஒருத்தர், தன்னைத் தானே சவரம் செய்யப் பழகிறதுக்கெண்டு ஒரு புத்தகம் போட்டவர். ஜில்லெட் 1903 இலை பிளேட்டு விக்கத் தொடங்கேக்கை, இனி வாரிலையும் இழுக்கத் தேவையில்லை, கல்லிலையும் தீட்டத் தேவையில்லை எண்டதுதான் விளம்பரத்தின்ரை பெரிய வாக்குறுதி. எங்கடை வீடுகளிலை இந்தப் படி நடக்கவே இல்லை. எங்கடை அப்பாமார் நேரா ஜில்லெட் மாதிரி பிளேட்டு ரேசரிலை தொடங்கினவை. அதுக்கு முந்தி நாவிதர் வளவுக்கு வருவார். தோல்வார் எண்ட சாமானை நாங்கள் அவரின்ரை கையிலை மட்டும்தான் கண்டது.

எங்கடை ஊரிலை வந்தவரின்ரை வார் எனக்கு நல்லா ஞாபகம். கறுத்து, ஓரம் நூல் நூலாப் பிரிஞ்சு, எத்தினை வருசமெண்டு தெரியாது. ஒரு முனையைக் கிணத்தடிப் பூவரசிலை கட்டி, மற்ற முனையை இடக்கையாலை இழுத்துப் பிடிச்சு, சளார் சளார் எண்டு பாக்காமலே இழுப்பார். எங்களோடை கதைச்சுக்கொண்டே இழுப்பார். கோர்டோவனாவது ரஷ்யனாவது. வெறும் மாட்டுத்தோல். அதிலை இழுத்த கத்தியாலை ஊர் முழுக்க வழிச்சவர், ஆருக்கும் ஒரு கீறல் விழுந்ததா நான் அறியேல்லை. இண்டைக்கு 200 யூரோ வாரை வைச்சுக்கொண்டு நல்ல சவரம் வரேல்லை எண்டு அழுகிறவையைக் காணேக்கை எனக்கு அந்தப் பூவரசுதான் கண்ணுக்கை நிக்கும்.

அந்த மனுசனை எங்கடை வீட்டு விறாந்தையிலை ஏற விட்டதில்லை. தண்ணி குடுக்கிற பேணி வேறை. எங்கடை வயதுப் பிள்ளையளே அவரைப் பேர் சொல்லி, நீ எண்டுதான் கூப்பிடும், அவருக்கு அப்ப எங்கடை அப்புவின்ரை வயது. செத்தவீடு எண்டால் மட்டும் அவர் வராமல் காரியம் தொடங்காது. நான் கத்தியும் வாரும் வைச்சிருக்கிறது தெரிஞ்ச எங்கடை சொந்தக்காரர் ஒருத்தர் போன வருசம் வீட்டை வந்தவர், கதவிலை தொங்கினதைப் பாத்துப்போட்டு, "உதேன் தம்பி உனக்கு, உது அவையின்ரை வேலையெல்லே" எண்டார். இஞ்சை வந்து முப்பது வருசம் ஆன மனுசன். மாட்டு இறைச்சி வெட்டுற தொழிற்சாலையிலை வேலை செய்து பென்சன் எடுத்தவர். நான் தேத்தண்ணியைக் குடுத்துப்போட்டு, அவருக்கு முன்னாலையே வாரைக் கழட்டி ஐம்பது தரம் இழுத்தனான். கொஞ்சம் கூடத்தான் இழுத்தனான்.

அதே நேரம், கத்திச் சவரம் கனவான்மாரின்ரை கலை எண்டு எழுதி ஒட்டி, வெல்வெற் பெட்டியிலை வைச்சு விக்கிறவையிலும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பெட்டிக்குள்ளை வந்தால் கலை, பூவரசடியிலை செய்தால் கீழ்ச்சாதி வேலையோ? எங்கடை பெடியள் அந்தப் பெட்டிக்கு மயங்கிறதைத்தான் நான் தடுக்கப் பாக்கிறன். தொழில் செய்தவை எந்த வாரைப் பாவிச்சவையோ அதையே வாங்குங்கோ. லா சப்பல் சலூன்களிலை கேளுங்கோ எண்டு சொல்லவும் இப்ப வழியில்லை. ஆளுக்கொரு புது பிளேட்டு மாத்திற கத்திதான் அங்கை, தொற்றுப் பயத்துக்கு அது சரியும்கூட. அதாலை வாரிலை இழுக்கிற கை அவையளிட்டையும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கு. ஒருத்தர் மட்டும், ஊரிலை தகப்பனிட்டைப் பழகினவர், என்ரை வாரை வாங்கி உள்ளங்கையாலை மூண்டுதரம் தடவிப்போட்டு, "எண்ணெய் ஒண்டும் பூசாதேங்கோ, கை எண்ணெய் காணும்" எண்டார். அதைவிட நல்ல ஆலோசனை எனக்கு ஒரு இடத்திலையும் கிடைக்கேல்லை. குசினி ஆக்கள் மட்டும் வேலையாலை வந்து கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத் தடவுங்கோ. உள்ளிமணம் தோலிலை ஏறினால் லேசிலை போகாது.

வாங்கின உடனை கத்தியைத் தொடாதேங்கோ. ரெஸ்ரோறண்டிலை வெண்ணெய் பூசுற கத்தி எத்தினையும் கிடக்கும், ஒண்டை இரவல் எடுத்து ஒரு கிழமைக்கு அதாலை இழுங்கோ, முதுகிலை உருட்டித் திருப்புற பழக்கம் வரும்வரைக்கும். பிறகு சவரக்கத்தி, ஆறுதலா. கெதியா இழுக்கிறது படத்திலை மட்டும்தான் தேவை. சின்ன வெட்டு விழுந்தால் எறியவேண்டாம், தூக்கி நிக்கிற தோலை ரப்பர் பசை வைச்சு ஒட்டி, காய்ஞ்சாப் பிறகு மெல்லிய அரத்தாளாலை மட்டமாத் தேய்ச்சால் கன நாளைக்கு ஓடும். ஒரு மூண்டு மாசம் புது வெட்டு ஒண்டும் விழாமல் போச்செண்டால், அப்ப உங்களுக்கு விருப்பமான வாரைக் காசைப் பாக்காமல் வாங்குங்கோ. பழையதின்ரை முன்பக்கத்தை அரத்தாளாலை தேய்ச்சு, அதிலை அந்தப் பச்சைப் பசையைப் பூசி வையுங்கோ. மாசத்துக்கு ஒருக்காப் பத்து இழுவை அதிலை இழுத்தால், கல்லுக்குக் குடுக்கிற காசு கன நாளைக்கு மிச்சம்.